ஷாபெகோயென்ஸ்: துக்கத்தினிடையே ஆட்டத்தை விமர்சிக்கலாமா?

கேள்வி:
2016 நவம்பர் 28 அன்று கோப்பா சுதமெரிக்கானா என்ற தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையின் இறுதிப்போட்டிக்குச் சென்ற ஷாபெகோயென்ஸ் என்ற நம் பிரேசில் அணியின் விமானம் கொலம்பியாவின் மெடலின் அருகே விழுந்து 71 பேர் இறந்த பின், நம் அணி மீண்டும் களமிறங்கிய, பால்மெய்ராஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்தேன். தற்காப்பில் தெரிந்த ஓட்டைகளைச் சொல்ல வாயெடுத்தாலே மனம் கூசுகிறது. இப்போது அதைப் பேசுவது முறையா?

பதில் 1:
முறைதான், நண்பரே. அந்தக் கோப்பையின் அரையிறுதியின் கடைசி நொடிகளில் எதிரணியான சான் லொரென்ஸோவின் வீரர் மிக அருகிலிருந்து அடித்த பந்தை, விபத்தில் நாம் இழந்த கோல்காப்பாளர் டனிலோ காலை நீட்டித் தடுத்திராவிட்டால் அணி இறுதிப்போட்டிக்கே சென்றிருக்காது. அவரை நினைத்து அழும்போதும் நான் அந்தத் தடுப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

பதில் 2:
எனக்கு இன்னும் அவகாசம் வேண்டும். விபத்தில் உயிர்பிழைத்துச் சக்கர நாற்காலியில் வந்த கோல்காப்பாளர் ஃபோல்மன் அந்தக் கோப்பையைத் தூக்கி அழுததைக் கண்டபின், அன்றைய ஆட்டத்தில் வேறெதுவும் என் மனத்தில் பதியவில்லை. அந்தப் பட்டத்தை நமக்கே வழங்குமாறு இறுதிப்போட்டியின் எதிரணியான அத்லெடிகோ நசியோனால் கேட்டதை எப்படி மறப்பது!

பதில் 3:
71ஆம் நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி அரங்கமே கைதட்டியது. பிறகு ஆட்டம் தொடர்ந்து 2-2 என முடிந்தது. புதிதாக வந்தவர்களும் நம்மவர்களே என்பதால், அவர்களின் பிழைகளைக் கனிவோடு சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தற்காப்பைப் பற்றி நாளை எழுதுகிறேன். இன்றிரவு டனிலோவின் அந்தத் தடுப்பை மீண்டும் ஒருமுறை பார்க்கப்போகிறேன்.