மறு: ஒளியாவியாதலா, ஒளியரிப்பா?

வணக்கம். விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு மேகம் விண்மீனின் ஒளி பட்டுக் கரைந்துபோவதை ஆங்கிலத்தில் photoevaporation என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் நம் பேச்சு.

> வாயு வெப்பமேறி மேகத்தை விட்டு வெளியேறுவதால் 'ஒளியாவியாதல்' போதும்.

ஐயா, மூலச்சொல்லுக்கு அது நேர்தான். ஆனால் ஆவியாதல் என்றதும் திரவம் வாயுவாவதுதான் நினைவுக்கு வரும். இங்கே மேகம் முதலிலிருந்தே வாயுதானே!

நடப்பதைப் பார்ப்போம். மேகம் 10 கெல்வின் அளவில் குளிர்ந்து கிடக்கிறது. அருகே 'ஓ' வகை எனப்படும் மிகச் சூடான பெருவிண்மீன் ஒன்று பிறந்துவிட்டால், அதன் புறஊதா ஒளியில் 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள பகுதி ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அயனியான மேற்பரப்பு சுமார் 10,000 கெல்வினுக்குச் சூடாகி, நொடிக்குப் பத்து கிலோமீட்டர் அளவு வேகத்தில் விண்மீன் இருக்கும் பக்கமாகவே பீறிட்டு வரும். அது போனதும் அடுத்த அடுக்கு ஒளியில் மாட்டும். இதை அரிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் படமெடுத்த, கழுகு நெபுலா என்ற வாயு மேகத்தின் தூண்களும் இப்படி வந்தவையே. அடர்ந்த முடிச்சு தன் பின்னாலுள்ள வாயுவுக்கு நிழல் தருகிறது. சுற்றியிருந்தது கரைந்துபோக, நிழலில் இருந்தது தூணாக மிஞ்சுகிறது. மழை கரைத்த மண்மேட்டில் கூழாங்கல்லுக்கு அடியில் மட்டும் மண் நிற்குமே, அதே கதை.

அதனால் என் ஓட்டு 'ஒளியரிப்பு'க்கு. வினையாகவும் வளைகிறது: ஒளி மேகத்தை அரிக்கிறது, அரிபட்ட தூண். தோல் அரிப்போடு குழம்பும் என்ற பயம் வேண்டாம், மண்ணரிப்பைப் படித்துவிட்டு யாரும் சொறிந்துகொள்வதில்லை. உலோகத்துக்கு 'அரிமானம்' தனியே இருக்கிறது.

> விண்மீன் காற்றும் அரிக்கத்தானே செய்கிறது?

செய்கிறது. அது விண்மீனிலிருந்தே கிளம்பும் துகள்களின் ஓட்டம், நொடிக்கு 2,000 கிலோமீட்டர்கூடப் போகும். நெபுலாவுக்குள் குழி தோண்டும். 'ஒளி' என்ற முன்னொட்டு இரண்டையும் பிரித்துவிடும்.

எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பீறிடும் வாயு மிச்சமுள்ள மேகத்தை எதிர்த்திசையில் தள்ளி நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் புதிய விண்மீன்கள் பிறக்கவும் கூடும். 'அரிப்பு' இழப்பை மட்டுமே சொல்கிறது. ஆனால் இந்தத் தள்ளலுக்குத் துறையிலேயே 'ராக்கெட் விளைவு' என்று தனிப்பெயர் இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஓரியன் நெபுலாவில் இளம் விண்மீன்களைச் சுற்றிய வாயு, தூசி வட்டுகள் கரைவதற்கும் இதே சொல் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கோள்களின் வளிமண்டல இழப்புக்கு? அங்கே எக்ஸ் கதிரும் சேர்வதால் 'ஒளி' போதுமா என்பதை எழுதுங்கள்.