சொத்தவிளையில் அலையை எண்ணச் சொன்ன பெரியவர்

போன ஏப்ரலில், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த சனிக்கிழமை, மச்சான் குடும்பமும் நாங்களுமாக நாகர்கோவிலில் இருந்து சொத்தவிளைக்குப் போனோம். மரச்சீனி அவித்து எடுத்துக்கொண்டோம். சாளைக் கறியை மட்டும் அங்கேயே மூன்று கல் கூட்டிச் சூடாக்கினோம். ராத்திரி மணலிலேயே கூடாரம் போட்டுப் படுத்துவிட்டு, விடியற்காலை கிளிஞ்சல் பொறுக்குவதாகத் திட்டம்.

வானத்தில் மேகமே இல்லை. காற்றும் இல்லை. கூடாரத்துக்கு முளை அடிக்கும்போது, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"மக்களே, இங்க படுக்காத. வெள்ளம் ஏறும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கோபப்படவில்லை. என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "ஒரு அலை உடைஞ்சதும் எண்ணத் தொடங்கு பிள்ளே" என்றார். பதினாறு வரை எண்ணிய பிறகுதான் அடுத்த அலை உடைந்தது. "இவ்வளவு இடைவெளி விட்டு வருதுன்னா, இது நம்ம காத்துல வந்த அலை இல்ல. தூரத்துல இருந்து வருது. கள்ளக்கடலு" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது நம் ஊரில் யாருக்கு மறக்கும்? தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடிக்கும் புயல் கிளப்பிவிடும் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றோ மழையோ இருக்காது. கள்ளன் போலச் சொல்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள, கடல் நிலையைக் கணிக்கும் இன்காய்ஸ் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், செய்தியிலும் வரும். கிளம்பும்முன் அதைப் பார்க்காதது என் தப்பு. நீங்கள் தயவுசெய்து பாருங்கள், சித்திரை வைகாசியில் கட்டாயம் பாருங்கள்.

கூடாரத்தைப் பிடுங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியவருக்குத் தெரிந்தவர் தென்னந்தோப்பில் போட்டோம். தோப்புக்காரர் வீட்டில் இருந்து கட்டன் சாயா வந்தது. ராத்திரி முழுக்க அலைச் சத்தம் தொண்டை அடைத்தவன் இருமுவது போல விட்டு விட்டுக் கேட்டது. நான் கண்ணை மூடவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் அடுப்புக் கல் மூன்றும் இல்லை. நாங்கள் பாய் விரித்த இடத்தைக் கடல் முழங்கால் உயரத்துக்கு அரித்து வைத்திருந்தது. அரித்த மேட்டில் வெள்ளை மணல், கறுப்பு இல்மனைட், சிவந்த கார்னெட் என்று கனிம மணல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. பிள்ளைகள் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நம் மாவட்டத்து மணலை நானே இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. தண்ணீர்ப் பக்கம் யாரையும் விடவில்லை.

பெரியவர் அந்த வழியாக வந்தார். மகளிடம்தான் முதலில் கேட்டார்: "இப்ப எத்தன எண்ணின?"

"பதினொண்ணு தாத்தா."

"அப்ப இறங்குது. இன்னும் கடல்ல கால் வச்சிராத, என்னா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.