வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை: டீமின் வேகம் குறையுமா?

கேள்வி: சப்போர்ட் டீமுக்கு வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை கேட்கிறோம். "வீட்ல உட்கார்ந்தா வேலை நடக்காது" என்கிறது மேலிடம். காட்டுவதற்கு ஆதாரம் உண்டா? கழுத்துவலிப் புகாருக்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1: உண்டு சார். சீனாவின் பயண நிறுவனமான சிட்ரிப் தன் கால் சென்டரில் 9 மாதம் சோதித்தது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழு 2015-ல் வெளியிட்ட முடிவு: வீட்டிலிருந்தவர்களின் வேலை 13% கூடியது. அதில் 9%, பிரேக்கும் லீவும் குறைந்ததால். மீதி 4%, அமைதியான இடத்தில் நிமிடத்துக்கு அதிக போன் கால் முடித்ததால். ஆனால் அது வாரம் 4 நாள் வீடு. பிறகு விருப்பம் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர் ஆஃபீஸுக்கே திரும்பினார்கள், முக்கியமாகத் தனிமையால். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில் 2: உங்களுக்குப் பொருந்துவது 2024-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஆய்வு. அதே நிறுவனம், 1,612 பேர், வாரம் 2 நாள் வீடு. ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் பாதிப்பில்லை. ஒன்று மட்டும் கவனம்: ஆஃபீஸ் நாள் டீமுக்கே பொதுவாக இருக்கட்டும். ஆளுக்கொரு நாள் வந்தால் அங்கேயும் ஹெட்போனோடுதான் உட்காருவார்கள்.

பதில் 3: கழுத்துவலிக்குக் காரணம் லேப்டாப்பின் அமைப்பு. திரை கண்ணுக்கு வந்தால் கீபோர்டு தோளுக்கு ஏறும். தனி கீபோர்டு, மவுஸ் கொடுத்துவிட்டு, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில் வரும்படி லேப்டாப்பை உயர்த்தச் சொல்லுங்கள். முழங்கை 90 டிகிரி. டைனிங் டேபிளுக்காக நாற்காலியை உயர்த்தினால் கால் தொங்கும், பலகை போடணும். கண் சோர்வுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கணும். கரண்ட் போனாலும் நெட் நிற்காமலிருக்க ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் மறக்காதீங்க, வோல்டேஜ் பார்த்து வாங்குங்க.