முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய கியூ, பூல் ஆட ஆகுமா?

கோட்டையூர்ப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் ஆயாவுக்கு வெற்றிலைப் பெட்டி தேடி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பழைய கதவு நிலைக்குப் பின்னால் மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் கம்பு, அதாவது கியூ ஒன்று சாய்ந்து கிடந்தது, பேரம் பேசி 1,800 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். ஒரே கம்பு, ஜாயின்ட் இல்லை, பிடிப்பக்கம் கன்னங்கரேலென்று கருங்காலி, நுனியில் பித்தளைப் பூண், பந்தில் படும் தோல் முனை, அதாவது டிப், காய்ந்து தேய்ந்துவிட்டது. மளிகைக் கடைத் தராசில் 480 கிராம் காட்டியது. நான் ஆடுவது பூல்தான், எண் போட்ட பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம், அதில் எட்டுப் பந்து வகையும் ஒன்பது பந்து வகையும். கிளப்பில் இருக்கும் கியூ எல்லாம் வளைந்து போனவை. இதற்குப் புது டிப் ஒட்டி பூலுக்கு வைத்துக்கொள்ளலாமா, இல்லை 5,000 ரூபாய்க்குள் புதிதாக வாங்குவதா? கம்பு முழுக்க வார்னிஷ் வேறு அடித்திருக்கிறார்கள், விரலில் ஒட்டுகிறது.

பள்ளத்தூரான்:
தம்பி, முதலில் அந்தக் கம்பை அறுக்கவோ தேய்க்கவோ செய்துவிடாதே. கம்பின் மேல் அம்பு முனை போல ரேகை ஒன்றன் மேல் ஒன்றாக ஓடுகிறதா பார், ஓடினால் ஆஷ் மரம். அப்புறம் கருங்காலி ஆஷுக்குள் ஏறும் இடத்தில் நான்கு கூர் இருக்கும். அவை ஊசி போல ஒரே அளவில் முடிந்தால் மெஷின் வேலை, மழுங்கி வளைந்து ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் கையால் இழைத்தது.

பூண் 10 மி.மீ.க்குள் இருந்தால் அது ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆடப் பிறந்த கம்பு. அந்தப் பந்து 52.5 மி.மீ., எடை 140 கிராம் பக்கம். பூல் பந்து 57 மி.மீ., 156 முதல் 170 கிராம் வரை இருக்கும். பூலில் பிரேக், அதாவது பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்கும் முதல் அடி, அடிக்கும் வேகத்துக்கு இந்த மெல்லிய நுனி எத்தனை நாள் தாங்கும்? பூண் தளரும், ஆஷ் விரிசல் விடும். பூல் கியூவில் டிப் 13 மி.மீ. பக்கம் இருப்பது இதனால்தான். நம்ம நாட்டு வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றாரே, அது மூன்றே பந்தை மெல்லத் தொட்டுத் தொட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் ஆட்டம். உன் கம்பு அந்த வம்சம்.

தேவகோட்டை ரஸ்தா:
பிரேக் பற்றி அண்ணன் சொன்னது சரி. ஆனால் மெல்லிய டிப்பால் பூல் ஆடவே கூடாது என்று யாராவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள், அதற்காக எழுதுகிறேன். திருச்சியில் படித்தபோது இரண்டு வருடம் ஸ்னூக்கர் கியூவால்தான் பூல் ஆடினேன், பந்தின் எந்தப் புள்ளியில் படுகிறது என்று கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். சிக்கல், சைடு போடும்போது, அதாவது வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு இடமோ வலமோ அடித்துச் சுழல விடும்போது. மயிரிழை தவறினாலும் டிப் வழுக்கிவிடும். அதனால் பிரேக்குக்கு கிளப் கியூ, மற்ற அடிக்கு இது என்று கொஞ்ச நாள் ஓட்டலாம்.

புதிதாக வாங்கினால் 19 அவுன்ஸ், மேப்பிள் மரக் கம்பு, நடுவில் ஜாயின்ட், இது போதும். சைடு கொடுத்தால் வெள்ளைப் பந்து நேர்கோட்டை விட்டு எதிர்ப்பக்கம் சற்று விலகும், நுனி எடை குறையக் குறைய விலகலும் குறையும். ப்ரிடேட்டர் என்ற கியூ கம்பெனி நுனியைக் குடைந்து கம்பு செய்வதும் அதற்குத்தான். விலை நமக்குக் கட்டுப்படியாகாது, ஆடிப் பழகினால் உன் கியூ எவ்வளவு விலகுகிறது என்று கையே கற்றுக்கொள்ளும். பிலிப்பைன்ஸ் பூல் வீரர் எஃப்ரென் ரேயஸ் சின்ன வயதில் மேசை எட்டாமல் கோலாப் பெட்டி மேல் ஏறி நின்று பழகியவர். அவர் 1995-ல் ரெனோவில் எர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக, வெள்ளைப் பந்தை மேசை ஓர ரப்பரில் (குஷன்) இரண்டு தடவை மோத விட்டு, மறைந்து நின்ற பந்தைக் குழிக்குள் தள்ளியதைப் பாருங்கள். நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன், இன்னும் அந்தக் கோணம் எப்படித் தோன்றியது என்று பிடிபடவில்லை.

கோட்டையூர்ப் பையன்:
அம்பு ரேகை இருக்கிறது அண்ணே! கூர் நான்கும் ஏற்ற இறக்கம்தான், மழுங்கலாக. பூண் 9.5 மி.மீ. மேசையில் உருட்டினேன், லேசாகக் குதிக்கிறது. வளைவா?

பள்ளத்தூரான்:
கையால் இழைத்த கம்பு, 1,800 ரூபாய்க்கு! நல்ல கை உனக்கு. உருட்டிப் பார்ப்பதை நம்பாதே. ஆசாரி ரீப்பரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாரே, அப்படிப் பிடித்து மெல்லச் சுற்று. நுனிப் பக்கம் நேராக ஓடினால் பயமில்லை. வார்னிஷை எடுக்க உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் கம்பு மெலிந்துவிடும், மிக நைசான தாளால் மேற்பூச்சு மட்டும் போகும்படி எடு. பிறகு ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு, துணியால் தேய்த்து உடனே துடைத்துவிடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். இனிமேல் சுவரில் சாய்த்து வைக்காதே, நம்ம ஊர் வெயிலுக்குக் காருக்குள்ளும் போட்டுவிட்டுப் போகாதே. டிப்புக்கு எல்க் மாஸ்டர் போல மென்மையானது போதும்.

கோட்டையூர்ப் பையன்:
சரி அண்ணே, பூலுக்கு மேப்பிள் ஒன்று தனியாக வாங்கிவிடுகிறேன். சென்னை அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோஹாவில் உலகப் பெண்கள் ஸ்னூக்கர் பட்டம் வென்றதிலிருந்து என் தங்கை ஸ்னூக்கர் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்தக் கருங்காலிக் கியூ அவளுக்கு. மதுரையில் டிப் ஒட்டுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.