புதுப்பிப்பு: மிச்சப் பால் சீஸ், இந்த முறை திரிந்தது

எலுமிச்சைச் சாறு விட்டும் பால் திரியாமல் கூழ் மாதிரி நின்றுவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தப்பு சாற்றில் இல்லை, சூட்டில். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றிவிட்டேன்.

நேற்று மிஞ்சிய 1 லிட்டர் பாலை, ஓரத்தில் நுரை கட்டி ஏறப் பார்க்கும் வரை, கிட்டத்தட்ட 90 டிகிரிக்குக் காய்ச்சி அடுப்பை அணைத்தேன். சாற்றை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டு மெதுவாகக் கிண்டினேன். மூன்றாவதில் சட்டென்று பிரிந்தது. கட்டிகளுக்கு நடுவே வெளிர்பச்சைத் தண்ணீர். அப்புறம் கை வைக்கவே இல்லை, 10 நிமிடம் அப்படியே விட்டேன். துணியில் வடிகட்டி, உப்புப் போட்டுத் தொங்கவிட்டதில் 170 கிராம் தேறியது.

கொஞ்சம் புளிக்கிறது. கட்டியைத் தண்ணீரில் அலசியிருக்கலாம். சூடு பட்டாலும் இது உருகாது, அதனால் நூல் நூலாக இழுபடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வடித்த தண்ணீரை மாவு பிசைய எடுத்து வைத்திருக்கிறேன்.