பின்குறி ஆடிய இடியன் துவக்கு

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்கள் அப்பப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்களுக்குக் காலபோக வயல். கதிர் பால் பிடிக்கும் நாளில் பன்றி இறங்கிவிடும். அவரிடம் வருடாவருடம் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அனுமதிப்பத்திரம் புதுப்பித்த இடியன் துவக்கு, அதாவது குழாயின் வாய்வழியே வெடிமருந்தை இடித்து நிரப்பும் துப்பாக்கி, ஒன்று இருந்தது. குறி தவறாத மனிதர். அந்த மாரியில் மட்டும் வெடியெல்லாம் வலப்பக்கம் விலகிப் போனது. "இனிக் காவலுக்கு நீங்கள் போகவேண்டாம்" என்று அப்பா சொன்ன இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் கொல்லரிடம் போனோம். அவர் முதலில் மருந்து இடிக்கும் கோலைக் குழாய்க்குள் விட்டு, வாயோரம் கரியால் கோடிட்டு, வெளியே எடுத்துக் குழாயின்மேல் வைத்துப் பார்த்தார். கோலின் நுனி, கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைக்கும் இடம் வரை எட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. விரற்கடைக் கணக்கில் முன்னாலேயே நின்றால் மருந்து கிடக்கிறது. இதைப் பார்க்காமல் எந்தப் பழைய துவக்கிலும் சுத்தியல் வைக்காதீர்கள், தயவுசெய்து.

பிறகு, குறிபார்க்கக் குழாயின் பின்பக்கம் பொருத்தியிருக்கும் சிறு இரும்புத் துண்டான பின்குறியைப் பெருவிரலால் அழுத்தினார். நகர்ந்தது! அது செருகியிருக்கும் பள்ளமான காடியின் ஓரத்தில், துருவுக்கு நடுவே, மயிரிழை அகலத்தில் பளபளவென்று ஒரு தடம்.

"ஐயா, உங்கள் கண்ணில் பிழையில்லை" என்றார்.

குழாய் வாய்ப்பக்கத்து முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 60 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பின்குறி 1 மில்லிமீற்றர் நகர்ந்தால் 30 மீற்றரில் வெடி 5 சென்ரிமீற்றர் விலகும். இது 4 மில்லிமீற்றர் வலப்பக்கம் போயிருந்தது.

பித்தளைக் கம்பியால் தட்டிக் குறியைக் கழற்றினார். இரும்புக் கம்பி என்றால் குறி நசுங்கும். காடியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மெல்லிய பித்தளைத் தகட்டை அடியில் வைத்து இறுக்கமாகத் தட்டி ஏற்றினார். கடைசியாகக் குறியிலும் குழாயிலும் சேர்த்து ஒரே கோடு கீறினார். கோடு நேராக நிற்கும்வரை குறி அசையவில்லை என்று அர்த்தம். அன்று மாலையே அப்பப்பா காவல் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

நெடுங்கேணியிலிருந்து:

எங்கள் மாமாவின் துவக்கில் காடியின் உதடுகளைச் சுத்தியலால் அடித்து நெருக்கினார்கள். ஒரு போகம்தான் தாங்கியது. குழாயில் வடுவும் விழுந்தது. தகடு இல்லையென்றால் குறியைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தில் உளிமுனையால் நாலைந்து புள்ளி குத்துங்கள். புள்ளியைச் சுற்றி எழும் இரும்பு காடியைக் கவ்விக்கொள்ளும். கெட்டாலும் குறியை மாற்றிவிடலாம், குழாயை மாற்ற முடியாது.