மூன்று கணினிக்கு ஒரே அப்டேட்: எந்த வழி நல்லது?

வணக்கம் நண்பர்களே, வீட்டில் மூன்று கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 11. என் இணைய இணைப்போ விட்டுவிட்டுத்தான் வரும். நேற்று ராத்திரி ஒரு கணினி 61 சதவீதத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றது. மற்ற இரண்டும் அதே கோப்புக்காகத் தனித்தனியாக இணையத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

செட்டிங்ஸில் தானாக இறங்க விடுவதுதான் சுலபம், தேவையானது மட்டும் வரும். ஐஎஸ்ஓ (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே கோப்பு) என்றால் 5 ஜிபிக்கு மேல். ஆனால் ஒருமுறை இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் போட்டால் மூன்றுக்கும் ஆகும். விண்டோஸுக்கு உள்ளிருந்தே செட்டப்பை ஓட்டினால் கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கும். ஆனால் மாதாந்தர அப்டேட்டுக்கு இது கொசு அடிக்கக் கோடரி எடுத்த கதை.

அதற்கு மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் எம்எஸ்யு கோப்பாக (தனியாக இறக்கி நிறுவும் அப்டேட் கோப்பு) எடுத்து மூன்றிலும் நிறுவலாமா? அல்லது டெலிவரி ஆப்டிமைசேஷனில் (கணினிகள் அப்டேட்டைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் வசதி) உள்ளூர் நெட்வொர்க்கை மட்டும் தேர்ந்தெடுத்தால், ஒன்று இறக்கியதை மற்றவை ஒழுங்காக வாங்கிக்கொள்ளுமா? எனக்கு இரண்டாவதில்தான் ஆசை, நம்பிக்கைதான் வரவில்லை. வைஃபையிலேயே இதை ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், மூன்றையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றை முதலில் முடித்துவிட்டு மற்றதைத் தொடங்க வேண்டுமா?